காமன் கூத்தும் வீட்டு வரியும்

இலங்கை மலைநாட்டைப் பற்றித் தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்பது. ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய இந்நூல் 1869ஆம் ஆண்டில் வெளிவந்தது. கோப்பிச் செடியை நட்டு வளர்க்கும் முறையைக் கும்மி மெட்டிலே சொல்லும் இந்நூல், தோட்டத் துரைமாரின் பக்கம் நின்றே பாடப்பெற்றது. அதே 1869ஆம் ஆண்டிலேதான் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் இலங்கையின் கோப்பியை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்டது. கும்மி பாடிய பயிர் போயிற்று, தேயிலை வந்தது. ஆனால் கோப்பிக் காலத்திலே கூலிகளாக வந்தவர்கள் நெஞ்சிலே சுமந்து வந்த கதைகள் போகவில்லை. அவற்றை எவரும் அச்சிடவில்லை. அவற்றுக்கெனச் சர்க்கார் ஒரு சதமும் ஒதுக்கவில்லை. இருந்தும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவை ஊவா மலையிலே ஆண்டுதோறும் ஆடப்பட்டும் பாடப்பட்டும் வந்தன. அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தோட்டத்து லயங்களிலே வீடு வீடாகச் சென்ற ஒரு தட்டையும், ஒரு கணக்குக் கொப்பியையுமே காட்ட வேண்டியிருக்கும்.

ஊவா தனி மாகாணமாக அமைந்தது 1886ஆம் ஆண்டில். பதுளையைத் தலைநகராகக் கொண்டு, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, பண்டாரவளை, அப்புத்தளை, அல்துமுல்லை என்று மலைச்சரிவுகள் தோறும் தோட்டங்கள் பரந்தன. அத்தோட்டங்களுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளின் சிற்றூர்க் குடிகள். முற்காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மேலும் பல நாள் நடந்தாலன்றி ஊவாவை அடைய முடியாது. புகையிரதம் பண்டாரவளையை எட்டியது 1894ஆம் ஆண்டில். பதுளைக்கு வந்தது 1924ஆம் ஆண்டில். ஆகவே, ஊவாவுக்கு வந்து சேர்ந்த முதல் தலைமுறையினர் கையிலே கொண்டுவந்த பொருள் மிகச் சொற்பம். பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் சுமையில்லாத பொருள்கள். அவை வந்து சேர்ந்தன.

இம்மூன்றிலும் மலைநாட்டு வாழ்வோடு மிக நெருங்கிக் கலந்தது காமன் கூத்தே. கதையைத் தமிழ் நேயர்கள் அறிவர். சூரனுடைய கொடுமை தாங்காத தேவர்கள், சிவபெருமானுக்கு ஒரு மைந்தன் பிறந்தாலன்றித் தமக்கு விமோசனம் இல்லை என்று கண்டு, யோகத்தில் அமர்ந்திருக்கும் பெருமான்மீது மலர்க்கணை தொடுக்குமாறு மன்மதனை ஏவுகின்றனர். போக வேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். மன்மதன் போகிறான், நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பலாகிறான். ரதி அழுது புலம்பி வரம் வேண்ட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படியாக அவன் உயிர் பெறுகிறான். தஞ்சைப் பகுதியிலே இக்கதையைப் பற்றி 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று இருபுறமாகப் பிரிந்து லாவணி பாடுவது வழக்கம். தோட்டத்துக் கூத்திலோ வாதத்தைவிட ரதியின் தடையே நெஞ்சில் நிற்கும். மேலிடத்து ஆணை வந்துவிட்டது, மனைவி மறித்தாலும் போயே தீர வேண்டும் என்ற நிலை, பெரட்டுக் களத்துத் தப்பொலி கேட்டு விடியுமுன்னே எழுந்து ஓடியவர்களுக்கு விளக்கம் வேண்டாத ஒன்று.

மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை காணும் வேளையில் காமன் ஊன்றப்படும். பேய்க்கரும்பு, ஆமணக்கு, வைக்கோற்பிரி ஆகியவற்றைக் கொண்டு கம்பம் நட்டு, வேடம் பூணுவோர் காப்புக் கட்டி நோன்பு இருப்பர். ரதி மன்மதன் திருமணம், தூது, தக்கன் வேள்வி, வீரபத்திரன் வருகை என்று இரவிரவாகக் கதை வளர்ந்து, பௌர்ணமியை ஒட்டித் தகனம் நடைபெறும். பிறகு மன்மதன் உயிர் எழுப்பப்படுவான். ஊவாவிலே வடகீழ் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் காலம் அது. பகலெல்லாம் மலையிலே வேலை செய்தவர்கள் இரவிலே ஆடினார்கள் என்பதை மறத்தலாகாது. ஏறக்குறைய இரண்டு வாரம் நீளும் ஒரு விழாவுக்கு விளக்கெண்ணெய் வேண்டும். வேடத்துணியும் அரிதாரமும் வேண்டும். கூத்து வாத்தியாருக்குச் சோறும் வேட்டியும் வேண்டும். தப்புக்காரருக்குப் படி வேண்டும்.

ஆதியில் இச்செலவின் பெரும்பகுதியைப் பெரிய கங்காணி ஏற்றார். ஆட்களைத் திரட்டி வந்தவர் அவர். கோயிலைக் கட்டியவர் அவர். ஆகவே முதல் மரியாதையும் அவருக்கே. இந்தத் தாராளத்தின் ஊற்றுக்கண் எது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்கிய ஆளின் தலையை எண்ணித் துரை கங்காணிக்குத் தனியே பணம் கொடுத்தார். ஆட்களின் பெயரிலே நின்ற கடனோ தோட்டம் விட்டுத் தோட்டம் 'துண்டு'ச் சீட்டாகத் தொடர்ந்து சென்றது. எனவே கங்காணி கூத்துக்குக் கொடுத்த காசு, ஒரு வகையில் ஆடியவர்களுடைய காசேயாகும். அவர்கள் கைக்கு எட்டாமலே போய்க் கொடையாகத் திரும்பி வந்த காசு.

1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1929இல் நடைமுறைக்கு வந்தபோது, உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. உடனே தொடர்ந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. கங்காணியின் அதிகாரம் தளர்ந்தது. அவருடைய கொடையும் சுருங்கியது. கொடை சுருங்கியதோடு கூத்தும் நின்றிருக்கலாம். தமிழ்நாட்டிலே மிராசுதார் கைவிட்டபின் நின்றுபோன கூத்துக்கள் பல உண்டு. தோட்டத்திலே அது நிற்கவில்லை. வீட்டு வரி அந்த இடத்தை நிரப்பியது.

வரி என்ற சொல் ஊரிலிருந்தே வந்தது. கோயிற் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடும் பழைய கிராம வழக்கத்தைத் தோட்டத்து மக்கள் லயத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொண்டனர். விழாவுக்கு முன்னே மாரியம்மன் கோயிலின் முன் கூட்டம் கூடும். செலவு இவ்வளவு என்று மதிப்பிட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பர். தோட்டக் கணக்கிலே ஒரு நாள் வேலை பதிவாவதற்குப் 'பேர் போடுதல்' என்று பெயர். குறித்த எடைக் கொழுந்து எடுக்காதவர்க்கு 'அரைப்பேர்'தான் விழும். ஆகவே வரியின் பாரத்தை ரூபாயில் எண்ணுவதைவிடப் பேரில் எண்ணுவதே அவர்களுக்கு எளிதாயிருந்தது. ஒரு பேர்க்காசு என்றால் ஒரு பகல் முழுவதும் மலையேறி இறங்கிய உழைப்பு என்பதைச் சிறு குழந்தையும் அறியும். சம்பள நாளன்று தட்டு லயத்துக் காம்பராக்களின் வாயில் தோறும் செல்லும். சாவு விழுந்த வீட்டிலே தீட்டுக் கருதி வரி வாங்குவதில்லை. கொடுக்க இயலாதவர் விறகாகவோ, வைக்கோலாகவோ, பந்தல் வேலையாகவோ கொடுத்தால் அதுவும் கணக்கிலே ஏறும். தோட்டந்தோறும் முறைகள் வேறுபட்டன எனினும், விழா முடிந்தபின் வரவு செலவுகளைக் கூட்டத்தின் முன் வாசித்துக் காட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. எழுத்தறியாதவர் பெரும்பான்மையாயிருந்த சபையிலே கணக்கை உரக்கப் படிப்பதே தணிக்கை. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது ஊரறிய ஒலித்துவிடும். வசூலித்தவர் வைத்துக் கொண்டாரா என்பதும் ஒலித்துவிடும். இதிலே பூசலே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். காமன் கணக்கிலே மூண்ட சண்டை அடுத்த மாசி வரைக்கும் புகைந்த தோட்டங்களும் உண்டு. பொதுப் பணம் இருக்கும் இடத்திலே சண்டை இல்லையென்றால் அங்கே பொதுமக்கள் இல்லை என்றுதான் பொருள்.

காசுக்கு அப்பாற்பட்ட ஒத்துழைப்பும் இதிலே நிறைந்திருந்தது. பல தோட்டங்களிலே ஒரு பகுதியார் ரதி வீட்டாராகவும், மற்றொரு பகுதியார் மன்மதன் வீட்டாராகவும் பிரிந்து நிற்பர். மேற்கணக்கு மாப்பிள்ளை வீடானால் கீழ்க்கணக்கு பெண் வீடாகும். நாடகத் திருமணத்துக்கு உண்மையான சீர்வரிசைத் தட்டுக்கள் மலைப்பாதையிலே ஏறி வரும். கூத்து வாத்தியார் எல்லாத் தோட்டத்திலும் இருப்பதில்லை; பாட்டும் அடவும் அறிந்தவரை அயல் தோட்டத்திலிருந்து அழைத்து வருவர். கிரீடமும் புஜகீர்த்தியும் ஒரு தோட்டத்துப் பெட்டியிலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு இரவலாகப் போகும். ஆயிரம் பேர்க் கூட்டத்துக்கு ஆடும் கூத்து இவ்வாறு பல தோட்டங்களின் சிறு சிறு உதவியாலே எழுந்து நின்றது. பார்க்க வருவோர் எவரிடத்தும் நுழைவுக் கட்டணம் வாங்கியதில்லை.

இந்த ஒற்றுமையின் குறைகளையும் மறைத்தல் தகாது. வரியிலே எல்லா வீடும் சமம், மரியாதையிலே சமமன்று. தப்பு இல்லாமல் காமன் ஊன்ற முடியாது. அந்தத் தப்பை முழக்கியவர்கள் மட்டும், ஊரிலிருந்து கூடவே வந்த சாதி வழக்கத்தால், கோயில் வாயிலிலே ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. பெண்களின் நிலையோ இன்னும் வியப்புக்குரியது. தேயிலைத் தோட்டத்தின் வருவாய் பெண்ணின் விரல் நுனியிலே பிறப்பது. கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே சென்று வாங்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. எனவே வரிப் பணத்திலே பாதிக்குமேல் அவள் உழைப்பாயிருந்தும், கணக்குக் கொப்பியிலே ஏறிய பெயர் அவளுடையதன்று. மேடையிலும் ரதியாக வந்து புலம்பியவன் ஓர் ஆண்மகன். புலம்பலின் மெட்டும் சொல்லும் மாத்திரம் லயத்துப் பெண்களின் ஒப்பாரியிலிருந்து எடுத்தவை என்பது, இரண்டையும் கேட்டவர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

தோட்டங்களிலே தொழிற்சங்கம் நுழைந்தபோது, வீடு தோறும் காசு சேர்க்கும் பழக்கமும், கணக்குக் கேட்கும் பழக்கமும் மக்களிடையே முன்னமே வேரூன்றி இருந்தன. 1931ஆம் ஆண்டில் கோ. நடேசய்யர் அட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிலே பாடினார். பாட்டுக்களைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டார். அவருடைய 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத்திலே மலைநாட்டுக் கவிவாணர் பலர் இவ்வாறே சில சத விலையில் பாட்டுப் பிரசுரங்களை அச்சிட்டுச் சந்தியிலும் புகையிரதத்திலும் பாடி விற்றனர். வாங்கியவர் காசு அடுத்த பிரசுரத்துக்கு முதலாயிற்று. பின்னர் 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றி, அதன் தொழிற்சங்கம் மலையெங்கும் பரவியபோது, மாதச் சந்தா என்ற சொல் புதிதாக இருந்ததேயன்றிச் செயல் புதிதன்று. கங்காணி அமர்ந்த இடத்திலே தோட்டத் தலைவர் வந்து அமர்ந்தார்; காமன் கூட்டத்துக்கும் அவரே தலைவரானார்.

ஆடிய கதை நின்றது. எழுத்திலே பதிவாவதற்கோ நெடுங்காலம் பிடித்தது. இதே ஊவாவின் கீழ்ப்புறத்திலே, மகியங்கனையை அடுத்த தம்பானையில், இத்தீவின் ஆதிக்குடிகளான வேடர் வாழ்கின்றனர். 1907, 1908ஆம் ஆண்டுகளில் செலிக்மன் தம்பதியர் அவர்களிடையே ஆய்வு நடத்தி, மெழுகுருளையிலே வேடர் பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்து, 1911இல் பெருநூல் ஒன்று வெளியிட்டனர். தொன்மையைத் தேடி வந்த அவ்வாய்வாளர் காலத்திலே, அதே மாகாணத்து மலைகளில் ஆயிரக்கணக்கானோர் பாடிய தமிழ்ப் பாட்டுக்களைத் தேடி வந்தவர் எவரும் இலர். கூலியின் பாட்டு ஆராய்ச்சிக்கு உரியதென்று எண்ணப்படவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் தோட்டத்திலே பிறந்த ஒருவரே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, லயம் லயமாகக் கேட்டு மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டினார். அத்திரட்டு பின்னர் நூலாயிற்று.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பது என்று வகுத்தது. 1974இல் அந்த எச்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. ஊவாத் தோட்டங்களிலிருந்து புறப்பட்டவர்களைத் தலைமன்னார்த் துறைக்குக் கொண்டு சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

கூத்துக்கு இது நேர்ந்ததை எண்ணிப் பார்த்தால் வரியின் உண்மையான தன்மை புலப்படும். ஒரு லயத்திலே பத்துக் காம்பராவில் நான்கு பூட்டப்பட்டால் குறைவது நான்கு வீட்டுக் காசு மட்டுமன்று. வீரபத்திரன் வேடம் தரித்தவர் ஒரு வீட்டிலே போய்விட்டார். பின்பாட்டுக்காரர் இன்னொரு வீட்டிலே போய்விட்டார். வாத்தியார் போனால் எழுதி வைக்காத பாட்டு முழுவதும் போயிற்று. ஒரே குடும்பத்திலே அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்ததுண்டு. மன்மதனும் ரதியும் அவ்வாறு இரு கரையிலே பிரிந்த தோட்டங்கள் இல்லாமலிரா. அதன்மேல் 1970களின் நடுப்பகுதியிலே உணவுப் பஞ்சம் வந்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகிக் கைமாறிய காலம் அது. வேலை நாட்கள் குறைந்து, பேர் விழாமல், பட்டினியால் மாண்டவர் பலர். பசித்த வீட்டிலே வரி கேட்பது எங்ஙனம்? பல தோட்டங்களில் காமன் அவ்வாண்டுகளிலே ஊன்றப்படாமலே போயிற்று. சில தோட்டங்களில் பிறகு என்றுமே ஊன்றப்படவில்லை.

அதே பத்தாண்டுகளில் ஊவாவின் கதை வேறொரு வழியையும் கண்டது. ஆலி-எலைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்திலே ஆசிரியராயிருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக் கொண்ட தெளிவத்தை ஜோசப் சிறுகதைகள் எழுதினார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய போட்டிகளிலே பரிசு பெற்ற கதைகளைத் தொகுத்து 'கதைக்கனிகள்' என்ற நூலை வீரகேசரி 1971இல் வெளியிட்டது. பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் நடத்திய வைகறை வெளியீடு, ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியை 1979இலும், என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதியை 1980இலும் கொண்டுவந்தது. பெருமுதலாளி எவரும் இல்லாத பதிப்பு முயற்சிகள் இவை. மலைநாட்டிலே நூல் வெளியீட்டு விழா என்பது இன்றும் ஒரு வகைக் காமன் கூட்டமே: தோட்டப் பாடசாலை ஆசிரியர், சிறுகடைக்காரர், சங்கக் கிளைத் தலைவர் ஆகியோர் வரிசையிலே வந்து, விலைக்குச் சற்று மேலாகவே உறையிலே வைத்துக் கொடுத்துப் பிரதி பெற்றுச் செல்வர். அச்சகக் கடன் அவ்விதம் அடைபடும். 2022இல் தெளிவத்தை ஜோசப் மறைந்தபோது, அவர் எழுதிய லயங்களிலே பல இன்னும் அப்படியே நின்றன.

நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு முடிவுற்றது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021இல் விதிக்கப்பட்டது. இளைஞர் பலர் தோட்ட வேலையை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்றுவிட்டனர். பெண்கள் சிலர் கடல் கடந்தும் சென்றுள்ளனர். இன்று காமன் ஊன்றும் தோட்டங்களிலே வரிக் கொப்பியில் அவர்கள் பெயரும் ஏறுகிறது. பணம் தொலைபேசி வழியாக வந்து சேர்கிறது. ரதி வேடத்துக்குப் பிள்ளை கிடைப்பதுதான் பணத்தைவிடக் கடினமாயிருக்கிறது. இரண்டு வாரம் நோன்பிருக்க முதலாளி விடுப்புத் தருவதில்லை. ஆகவே சில இடங்களில் முழுக் கதையும் இரண்டு மூன்று இரவுகளுக்குள் சுருங்கிவிட்டது. எரித்த இடத்துச் சாம்பல் ஆறியபின், உயிர் பெற்ற மன்மதனும் ரதியும் முன்போலவே தப்புக்காரரோடு லயத்து வாயில்களுக்கு வருகின்றனர். நடைபாதையிலே கோலம் போட்டுக் காத்திருக்கும் வீட்டுக்காரி மஞ்சள் நீர் ஊற்றி, தட்டிலே அரிசியும் காசும் இடுகிறாள். இம்முறை அவள் கையாலேயே இடுகிறாள்.